எரியுதா, அரிக்குதா?

மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறு. காலை ஏழு மணிக்கு என் நாத்தனாரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. முழு முகம் இல்லை, கண்கள் மட்டும். இரண்டு இமைகளும் உப்பியிருந்தன. தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்து, ஓரமெல்லாம் சிவப்பு. கீழே ஒரே ஒரு வரி: "அண்ணி, உங்க க்ரீம் எனக்குச் சேரல போல." குற்றம் சாட்டுகிற வரி இல்லைதான். ஆனால் 'உங்க க்ரீம்' என்று ஆரம்பித்து 'போல' என்று முடித்திருந்தாள். நாத்தனார் உள்ளவர்களுக்கு அந்தப் 'போல'வின் எடை தெரியும்.

அந்த க்ரீம் நான் என் கையால் செய்தது. போன டிசம்பரில் பிடித்த பைத்தியம் அது. பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருவில் ஒரு கெமிக்கல் கடைக்குப் போனேன். சாம்பிராணி, கற்பூரம், ஃபினாயில் எல்லாம் கலந்து மூக்கில் ஏறும் அந்த வாசனையை அங்கே போனவர்கள் மறக்க மாட்டார்கள். "ஃபேக்டரிக்கா, வீட்டுக்கா?" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கால் கிலோவுக்குக் கம்மியா தர்றதில்லம்மா" என்றார். ஆக, எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றாகச் சேர்க்கிற எமல்சிஃபையிங் வேக்ஸ் எங்கள் வீட்டில் பேரன் பேத்தி காலம் வரைக்கும் இருக்கிறது. பன்னீரையும் கிளிசரினையும் ஒரு பாத்திரத்தில், பாதாம் எண்ணெயையும் மெழுகையும் இன்னொன்றில் போட்டு, இரண்டையும் 70 டிகிரிக்குச் சூடாக்கி ஒன்றில் ஒன்றை ஊற்றிக் கடைய வேண்டும். கலங்கலாக இருப்பது திடீரென்று பால் மாதிரி வெளுத்து, அப்புறம் கெட்டியாகும் பாருங்கள், முதல் தடவை நான் அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். ஆறிய பிறகு கெடாமலிருக்க பிரிசர்வேட்டிவ். கடைசியாக வாசனைக்கு லாவண்டர் எண்ணெய். பக்கத்து வீட்டு மாமி இரண்டு வருஷம் முன்பு காஷ்மீர் டூர் போனபோது வாங்கி வந்து கொடுத்த குட்டி பாட்டில். தலையணையில் இரண்டு சொட்டு விட்டால் தூக்கம் வரும் என்று சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து என் படுக்கையறை ஜன்னல் மேடையிலேயே இருந்தது.

ஜனவரியில் செய்த முதல் டப்பா அருமையாக வந்தது. நாத்தனார் வீட்டுக்கு வந்தபோது கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு மாதம் தேய்த்தாள். "அண்ணி, ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கித்தான் மார்ச்சில் இருநூறு கிராமாகச் செய்து அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி என்று பிரித்தேன். மூன்றாம் நாள் போட்டோ வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது டப்பாவைப் போட்ட நாளிலிருந்து என் முகமும் எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். மார்ச் கடைசியில் எங்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இருக்காது. ஏசி, வியர்வை, தூக்கமின்மை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அதோடு, போட்டதும் 'சுர்'ரென்று இழுத்தால் க்ரீம் வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை நம் எல்லோருக்கும் உண்டு. எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் பூசிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த தலைமுறைதானே. நாத்தனாரும் பிற்பாடு அதையேதான் சொன்னாள்: "போட்ட உடனே லேசா சுர்ருன்னு இருந்துச்சு அண்ணி, ஸ்ட்ராங்கா பண்ணியிருக்கீங்கன்னு நெனச்சேன்."

'சேரல' என்ற சொல்லைப் பற்றி அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். கத்திரிக்காய் சேரல, ஊர்த் தண்ணி சேரல, மருமகள் ராசி சேரல. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் எதையும் தோண்டுவதில்லை. என் மாமியாரின் நெற்றியில் ஒரு பட்டாணி அளவுக்கு வெள்ளைத் திட்டு உண்டு. சாந்துப் பொட்டிலிருந்து ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறி இரண்டு மூன்று வருஷத்தில் வந்தது. 'ஸ்டிக்கர் சேரல' என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பெரிய ஸ்டிக்கரை ஒட்டி அதை மறைத்துக்கொண்டு இருபது வருஷம் ஓட்டிவிட்டார். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்று ஒரு பொருள் இருக்கும். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களையே அது கொன்றுவிடும். இது தோல் டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரே ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் திட்டு கடுகளவில் நின்றிருக்கும். என் க்ரீமும் அப்படி 'சேரல'வோடு முடிந்துபோகக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. அக்கறை பாதி, ரோஷம் பாதி.

ஐந்து டப்பாக்கள்

கணக்கில் வரவும் செலவும் டேலி ஆகவில்லை என்றால் எங்களுக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ 54-ஐ 45 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். நேராகத் தேடிப் பிடித்துவிடலாம். க்ரீமையும் அப்படித்தான் பிடிப்பேன் என்று கிளம்பினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பொருளை மட்டும் விட்டுவிட்டுச் செய்வது, எந்தப் பொருள் இல்லாதபோது எரியவில்லையோ அதுதான் குற்றவாளி. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது!

முதல் சந்தேகம் பிரிசர்வேட்டிவ் மேல். "அதான் கெமிக்கல் போட்டிருக்கியே, பின்ன எரியாம?" என்றார் மாமியார். எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். பாதாமும் பன்னீரும் லாவண்டரும் கெடுதல் செய்யுமா என்ன? ஆகவே மூன்றாவது டப்பா, பிரிசர்வேட்டிவ் இல்லாமல். ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தினமும் விரலைவிட்டு எடுத்ததில் எட்டாம் நாள் மூடியின் உட்பக்கம் மிளகைக் குத்தி உடைத்துத் தூவியது போலப் பூஞ்சை. அது அன்றைக்கு முளைத்ததும் இல்லை, அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர் சேர்ந்த எதுவும், அதுவும் சென்னை ஏப்ரலில், அப்படித்தான். வெறும் எண்ணெயும் மெழுகுமான தைலத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அந்த எட்டு நாளுக்குள் சோதனையும் நடந்திருந்தது. நாத்தனார் பெரிய மனது பண்ணி முழங்கைக்கு உட்பக்கம் தடவிப் பார்த்தாள். இரண்டாம் நாள் அரித்துத் தடித்தது. "ஆள விடுங்க அண்ணி" என்று ஒதுங்கிவிட்டாள். என் முகத்திலும் அது எரிந்தது. ஆக, பிரிசர்வேட்டிவ் நிரபராதி என்று எழுதிக்கொண்டேன். உண்மையாகவே ஒரு நோட்டில் எழுதினேன். தொழில் பழக்கம்.

நாலாவதில் பிரிசர்வேட்டிவைத் திரும்பப் போட்டு லாவண்டரை எடுத்தேன். இனி சோதனைக்கு நான் ஒருத்திதான். போட்ட ஒரு நிமிஷத்தில் மூக்கோரம் எரிந்தது. லாவண்டரும் நிரபராதி. ஐந்தாவதில் பாதாம் எண்ணெய்க்குப் பதில் செக்குத் தேங்காய் எண்ணெய். எரிந்தது. நடுவில், புளிப்புத் தன்மை கூடியிருக்குமோ என்று ஒரு சந்தேகம். பி.எச். பார்க்கிற காகிதம் எங்கே கிடைக்கும் என்று தேடி, பெரம்பூரிலிருந்து பக்கம்தானே என்று கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போனேன். வண்ண மீன் வளர்க்கிறவர்கள் தொட்டித் தண்ணீருக்குப் பயன்படுத்துகிற அதே காகிதம்தான். "என்ன மீன் வச்சிருக்கீங்கக்கா?" என்று அந்தப் பையன் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. 'கோல்டு ஃபிஷ்' என்று பொய் சொன்னேன். காகிதம் ஆறுக்குப் பக்கத்தில் காட்டியது. தோலுக்கு அது ஒன்றும் தப்பான எண் இல்லை.

இதற்குள் மாமியார் நாலாவது டப்பாவை எடுத்துத் தன் பித்த வெடிப்புக்குத் தடவ ஆரம்பித்திருந்தார். "என் காலுக்கு நல்லாத்தானே இருக்கு. உங்க மூஞ்சிங்கதான் சரியில்ல." குதிகால் தோலையும் கண்ணிமைத் தோலையும் ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். உடம்பிலேயே மெல்லிய தோல் இமை, மிகத் தடித்த தோல் பாதம். ஆனால் சொல்லவில்லை. வாதாடத் தெம்பில்லை. எதை எடுத்தாலும் எரிகிறது. அப்படியானால் எல்லாமே குற்றவாளியா, இல்லை எதுவுமே இல்லையா? மெழுகும் பன்னீரும் கிளிசரினும்தான் பாக்கி. ஒரு மாதத்தில் நாலு டப்பா செய்து, என் முகம் வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிற நிலைக்கு வந்திருந்தது.

இதில்தான் நான் செய்த மடத்தனம் இருக்கிறது. தண்ணீருக்கே எரிகிற முகத்தில் எந்த க்ரீமைப் போட்டுப் பார்த்து எதைக் கண்டுபிடிக்க முடியும்? மூன்றாவது டப்பாவைப் போட்ட அன்றே என் தோல் புண்ணாகிப் போயிருந்தது. பன்னீரும் எரிந்திருக்கும், இளநீரும் எரிந்திருக்கும். அழுக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேரேட்டில் கறை தேடியிருக்கிறேன்.

கீழ்ப்பாக்கத்தில் ஒரு கேள்வி

ஏப்ரல் கடைசியில் என் கணவர்தான் பொறுக்க முடியாமல், "ரெண்டு பேரும் சேந்து டாக்டர்கிட்ட போங்க" என்றார். அயனாவரத்தில் நாத்தனாரை ஏற்றிக்கொண்டு கீழ்ப்பாக்கத்துக்கு ஆட்டோ. கையில் ஐந்து டப்பாக்களும் நோட்டும். டாக்டரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நோட்டை வாங்கி ஒரு பக்கம் புரட்டினார், சிரிக்கவில்லை. அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எரியுதா, அரிக்குதா?"

"ரெண்டும்தான் டாக்டர்" என்றேன்.

"ரெண்டும் ஒரே ஆளுக்கா?"

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "எனக்கு அரிப்புதான்" என்றாள் அவள். "எனக்கு எரிச்சல்" என்றேன் நான். ஒரு மாதமாகத் தினமும் போனில் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேரும் 'ஒரே எரிச்சலா இருக்கு' என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். இமை அரித்துத் தூங்க முடியாமல் இருந்ததால் அவளுக்கு வந்த எரிச்சலும், என் கன்னம் எரிந்த எரிச்சலும் ஒரே வார்த்தைக்குள் போய் உட்கார்ந்துவிட்டன.

"எப்ப ஆரம்பிக்குது? போட்ட உடனேயா, மறுநாளா?" என்னுடையது ஒரு நிமிஷத்தில். அவளுடையது ஒரு நாள், இரண்டு நாள் கழித்து. "எந்த இடம்?" என்னுடையது தடவின இடத்தில் மட்டும், கோடு போட்டது போல. அவளுடையது இமையில், ஆனால் அவள் இமையில் தடவியதே இல்லை. கன்னத்தில் தடவின கையோடு கண்ணைக் கசக்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். உடனே எரிவது பெரும்பாலும் பொருளின் காரம். அளவு கூடினால் யார் தோலும் எரியும், அளவைக் குறைத்தால் போய்விடும். தாமதமாக வந்து அரிப்பது ஒவ்வாமை. உடம்பு ஒரு பொருளை எதிரி என்று அடையாளம் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த தடவை பார்த்ததும் படை திரட்டிக்கொண்டு வருகிறது. படை வந்து சேர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். இதற்கு அளவு பெரிய பொருட்டில்லை, துளி போதும். "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே டப்பா, ஆனா வேற வேற வியாதி" என்றார்.

எனக்கு அப்போது தலைக்குள் 'ணங்' என்றது. ஒன்பதால் வகுக்கும் தந்திரம் எப்போது காலை வாரும் தெரியுமா? கணக்கில் ஒரு தப்புக்குப் பதில் இரண்டு தப்பு இருக்கும்போது. ஒன்றைத் திருத்தினாலும் வித்தியாசம் தீராது. அதனால் திருத்தியதே தப்பு என்று நினைத்துப் பழையபடி மாற்றிவிட்டு வேறு பக்கம் போவோம். நான் செய்தது அச்சு அசலாக அதுதான். பிரிசர்வேட்டிவை எடுத்தபோது நாத்தனாருக்கு அரிப்பு நிற்கவில்லை, அதனால் அதை விடுதலை செய்தேன். லாவண்டரை எடுத்தபோது என் எரிச்சல் நிற்கவில்லை, அதனால் அதையும் விடுதலை செய்தேன். அவளுடைய சாட்சியத்தை வைத்து என் குற்றவாளியையும், என் சாட்சியத்தை வைத்து அவளுடைய குற்றவாளியையும் தப்பவிட்டிருக்கிறேன்.

"ஆனா முதல் டப்பா ரெண்டு மாசம் நல்லா இருந்துச்சே டாக்டர்" என்று நாத்தனார் கேட்டாள். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது டப்பாவில் ஏதோ மாறியிருக்க வேண்டும், முதலாவது நல்லது என்று. டாக்டர் தலையை ஆட்டினார். புதிதாக ஒரு பொருளை உடம்பு எதிரியாக்கிக்கொள்ளக் குறைந்தது பத்துப் பதினைந்து நாளாகும், சில சமயம் மாதங்கள், வருஷங்கள். நல்லா இருந்த அந்த இரண்டு மாதத்தில்தான் அது நடந்திருக்கும் என்றார். பாராட்டி பாராட்டி அவள் தடவிக்கொண்ட அந்த டப்பாவில்தான்.

ஆட்டோவில் திரும்பும்போது நாங்கள் அதிகம் பேசவில்லை.

ஆறு கிராம்

ஒரு மாதத்துக்கு இருவருமே முகத்தில் எதையும் போடக்கூடாது, வாஸ்லின் மாதிரி வாசனையில்லாத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் என்று உத்தரவு. அவள் இமைக்குச் சில நாட்களுக்கு மட்டும் ஒரு களிம்பு. என் எரிச்சல் மூன்றே வாரத்தில் அடங்கிவிட்டது. ஆனால் என் கணக்கு அடங்கவில்லை. காரம் என்றால் எதன் காரம்? பிரிசர்வேட்டிவ் என்றால், முதல் டப்பாவில் எரியாதது இரண்டாவதில் ஏன்?

நான் போட்டது பீனாக்ஸிஎத்தனால். கடையில் விற்கிற பல க்ரீம்களின் பின்பக்கப் பொடி எழுத்தில் இந்தப் பெயரைப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு உச்ச அளவு 1 சதவீதம். இருநூறு கிராமுக்கு இரண்டு கிராம். நான் எடைபோட்டுத்தான் போட்டேன், கண் மதிப்பில் இல்லை. கணக்குப் பிள்ளை அப்படியெல்லாம் செய்வாளா? அந்த நம்பிக்கையில்தான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, நகைக்கடைகளில் வைத்திருப்பது போல 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். மார்ச்சில் செய்ததை அப்படியே திரும்பச் செய்து பார்த்தேன். சமையலறைத் தராசில் கண்ணாடிக் குவளையை வைத்து, பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்கி, சொட்டு மருந்துக் குழாயால் பிரிசர்வேட்டிவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பத்துச் சொட்டு. 0. இருபது. 0. ஐம்பது, அறுபது விட்டும் அது பூஜ்யத்திலேயே உட்கார்ந்திருந்தது. மார்ச்சிலும் இப்படித்தான் ஆயிற்று என்று கை ஞாபகப்படுத்தியது. சலித்துப்போய்க் குழாயை இரண்டு தடவை வேகமாகப் பீய்ச்சினேன். 2 என்று காட்டியது. நிறுத்தினேன். அதே குவளையைக் கொண்டுபோய் நகைத் தராசில் வைத்து, காலிக் குவளையின் எடையைக் கழித்தேன். 5.87.

இந்த மாதிரித் தராசுகள் பலவற்றில் பூஜ்யத்தைத் தானே சரிசெய்துகொள்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. தூசி, காற்று, சூட்டினால் வரும் சின்ன அசைவுகளை எடையாகக் காட்டக் கூடாது என்பதற்காக வைத்தது. மெல்ல மெல்லச் சொட்டினால் ஒவ்வொரு சொட்டையும் அது அசைவு என்று நினைத்து விழுங்கிவிட்டு மறுபடி பூஜ்யம் காட்டும். ஜனவரியில் நூறு கிராமுக்கு ஒரே மடக்காக ஊற்றினேன், சரியாக விழுந்தது. மார்ச்சில், இன்னும் ஜாக்கிரதையாக இருக்கிறேன் பேர்வழி என்று சொட்டுச் சொட்டாக விட்டேன். மூன்று மடங்கு. ஜாக்கிரதைதான் என் மூஞ்சியை எரித்தது. அதற்குப் பிறகு செய்த டப்பாக்களிலும் அதே ஜாக்கிரதை.

அன்று ராத்திரி மாமியாரிடம் போய், "நீங்க சொன்னதும் சரிதான், கெமிக்கல்தான்" என்றேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். பொருள் குற்றமில்லை, அளவுதான் குற்றம் என்று விளக்கினேன். அதற்குள் அவர் சீரியலுக்குத் திரும்பிவிட்டார்.

முதுகில் ஒட்டியது

நாத்தனாரின் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. உறுதி செய்ய பேட்ச் டெஸ்ட் எடுக்க வேண்டும். முதுகில் சந்தேகப்படும் பொருட்களைச் சின்னச் சின்னக் குழித்தட்டுகளில் வைத்து பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்கள். 1895-இல் யாடாசோன் என்ற ஜெர்மன் மருத்துவர் காட்டிய முறை, இன்று வரைக்கும் அடிப்படை அதேதான். இரண்டு நாள் ஒட்டியிருக்க வேண்டும், எடுத்ததும் ஒரு தடவை, இன்னும் இரண்டு நாள் கழித்து மறு தடவை பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. "அக்னி நட்சத்திரத்துல மெட்ராஸ்ல எவளுக்கு முதுகு வேர்க்காம இருக்கும்?" என்று டாக்டரே சொல்லி ஜூலைக்குத் தள்ளி வைத்தார்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை ஒட்டினார்கள். நம் நாட்டில் வழக்கமாகச் சோதிக்கும் சுமார் இருபது பொருட்கள், கூடவே என் டப்பாக்களில் இரண்டு: லாவண்டரும் மிதமிஞ்சிய பிரிசர்வேட்டிவும் இருக்கிற இரண்டாவது, லாவண்டர் இல்லாத நாலாவது. ஃப்ரிட்ஜில் நாலு மாதம் கெடாமல் இருந்தன. கெடுமா, மூன்று மடங்கு போட்டிருக்கிறேனே. புதன்கிழமை பிரித்தபோது இரண்டு இடத்திலுமே சிவப்பு. எனக்கு மறுபடி வயிற்றைக் கலக்கியது. "வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்" என்று டாக்டர் அசையாமல் சொன்னார். வெள்ளிக்கிழமை நாலாவது டப்பாவின் சிவப்பு ஏறத்தாழ மறைந்துவிட்டது. இரண்டாவதின் இடம் தடித்து எழும்பி, நடுவில் கடுகுக் கடுகாக நீர்க்கொப்புளம். காரத்தால் வந்தது பிளாஸ்திரியை எடுத்ததும் தணியும், ஒவ்வாமை எடுத்த பிறகும் ஏறும். அவள் முதுகில், ஒரு சாண் இடைவெளியில், எங்கள் இரண்டு பேர் வியாதியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த இருபதில் ஒன்றான வாசனைக் கலவை அவளுக்கு ஒன்றுமே செய்யவில்லை. அந்தக் கலவையில் எட்டு வாசனைப் பொருட்கள் உண்டு. லாவண்டரின் முக்கியப் பொருளான லினலூல் அந்த எட்டில் இல்லை என்றார் டாக்டர். டப்பாவையே கொண்டுபோகாமல் இருந்திருந்தால் 'வாசனை அலர்ஜி இல்லை' என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். புது லினலூல் அவ்வளவு தொல்லை கொடுப்பதில்லை. காற்றுப் பட்டுப் பட்டு அது ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறும்போதுதான் தோல் அதை எதிரியாக்கிக்கொள்கிறது. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். பாட்டில் திறந்து எவ்வளவு நாள் என்று கேட்டார். இரண்டு வருஷம், ஜன்னல் மேடையில், இரண்டு கோடைக்காலம் என்றேன். நல்லெண்ணெய் சிக்கு வாடை அடித்தால் மோந்து பார்த்தே தூரக் கொட்டுகிற வீடு எங்களுடையது. லாவண்டர் கெட்டாலும் லாவண்டராகத்தான் மணக்கிறது.

இந்தக் கணக்கில் என்னை இன்னமும் குடைவது ஒன்றுதான். என் தப்புக்கு நான் பட்டது மூன்று வாரம். மாமி அன்பாகக் கொடுத்த, நான் அன்பாகச் சேர்த்த இருபது சொட்டுக்கு அவள் படுவது ஆயுள் முழுக்க. உடம்பு ஒரு தடவை குறித்து வைத்துக்கொண்டால் அழிப்பது அநேகமாக இல்லை. லினலூல் இல்லாத சோப்பு, ஷாம்பு, துணி அலசும் திரவம் தேடிக் கடையில் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பொடி எழுத்துப் படிக்கிறாள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பன்னீர் தெளித்தபோது அவள் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பன்னீரில் என்ன இருக்கிறதோ யார் கண்டது, பயம்தான். என்னை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் தேவலை என்று தோன்றும்.

நவராத்திரிக்கு கொலு பார்க்க வந்தாள். சுண்டல் சாப்பிட்டுவிட்டு அடுப்படிக்கு வந்து, "இப்பல்லாம் க்ரீம் பண்றதில்லையா அண்ணி?" என்றாள். பண்ணி வைத்திருந்தேன், சொல்லத்தான் தைரியமில்லை. மூடியில் ஒட்டிய துண்டுக் காகிதத்தில் எல்லாவற்றின் எடையும், பிரிசர்வேட்டிவ் 2.00 என்பது வரைக்கும், இருந்தது. பன்னீர்கூட இல்லை, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். திறந்து மோந்து பார்த்தாள். "வாசனையே இல்லையே" என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான். வெற்றிலை பாக்கோடு அதையும் பையில் போட்டுக்கொண்டாள். முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, காலையும் மாலையும், ஒரு வாரம். டாக்டர் சொல்லிக் கொடுத்தது அவளுக்கே மனப்பாடம்.

இன்று நாலாவது நாள். காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒன்றும் வரவில்லை.